மொண்டெல்லோவில் ஆடி அமாவாசை

1

ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரு நற்பெயர் உண்டு. யாருக்காவது நாலு நாள் விடுமுறை கிடைத்து, கையில் காசு குறைவாக இருந்து, கடலையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கேள்வி நேராக என்னிடம் வரும். எந்தக் கிழமை விமானம் மலிவு, முதுகுப்பை எவ்வளவு புடைத்தால் வாயிலில் நிறுத்துவார்கள், குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் எத்தனை ஜோடி உள்ளாடைகளைத் திணிக்கலாம் என்று மூச்சு விடாமல் வாய்ஸ் நோட் அனுப்புவேன். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகும் அனுப்புவேன். என் சுபாவம் அது.

போன வாரம் சிந்து கேட்டாள். கோயம்புத்தூர்ப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய அப்பா அம்மா அடுத்த மாதம் வருகிறார்கள்.

“அண்ணா, உங்க பலெர்மோ பிளான் செம்மன்னு எல்லாரும் சொல்றாங்க. ஷேர் பண்ணுங்களேன்.”

பண்ணினேன். பலெர்மோ இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவில் உள்ள கடலோர ஊர். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது, எந்தச் சந்தையில் காய்கறி வாங்குவது, மொண்டெல்லோ கடற்கரையில் எந்தப் பகுதியில் கட்டணம் இல்லை, எல்லாம். கூடவே கடற்கரைப் படங்களும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பின்னால் மலை நிற்கும், அப்படி ஒரு இடம்.

சிறிது நேரத்தில் பதில் வந்தது. “சூப்பர் அண்ணா! நீங்களும் அப்பா அம்மாவோடதானே போனீங்க? அவங்களுக்குப் பிடிச்சுதா? ஒரு போட்டோலகூட அவங்க இல்லையே?”

“ரொம்பப் பிடிச்சுது” என்று தட்டி, சிரிக்கும் முகம் ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவளுக்கு அனுப்பாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களில் யாராவது நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க இங்கே வரக்கூடும். அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவனாக மாறியிருப்பான் என்று உங்களுக்கு ஓரளவு தெரிந்திருப்பது நல்லது.

2

பெற்றோரை ஜெர்மனிக்கு அழைப்பதென்றால் முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு டெர்மின் வாங்க வேண்டும். டெர்மின் என்றால் நேரம் குறித்துக்கொள்வது. இந்த நாட்டில் முடி வெட்டிக்கொள்ளவும் அது வேண்டும். டெர்மின் கிடைத்து, சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், இவர்கள் இங்கே இருக்கும்வரை இவர்களுக்கு ஆகும் எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பத்திரத்தின் ஜெர்மன் பெயர் ஒரு முழு வரிக்கு நீளும். கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு போயும் பாதியில் நாக்குப் புரண்டது.

அந்த அலுவலகப் பெண்மணி சிரித்துக்கொண்டே கேட்டார். “அம்மா அப்பா இருவருக்குமா? உறுதியாகவா? பிறகு மாற்ற முடியாது.”

“உறுதியாக” என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு நான் பொறுப்பு என்று ஒரு வெளிநாட்டு அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பது லேசான விஷயமா?

அப்பா மாயவரத்தில் மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். நாலு பேர் கேட்கும்படிதான் பேசுவார். கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்பவனிடம் பேசிப் பழகிய குரல். எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் அவர் “சாந்தி, செருப்ப எடுத்து உள்ள வையி” என்று அம்மாவிடம் சொன்னால் மூன்றாம் மாடிக் கதவு திறக்கும். நான் “அப்பா, மெதுவா” என்பேன். “மெதுவாத்தானடா பேசுறேன்” என்பார், அதே குரலில்.

ரயிலில் மெதுவாக, கடையில் மெதுவாக, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே மெதுவாக. அவர்கள் வந்த சில வாரங்களில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். ஒருநாள் அம்மா, “இங்க மூச்சு விடுறதுக்கும் டெர்மின் வாங்கணுமாடா?” என்று கேட்டாள். சிரித்தேன். அப்போது அது வெறும் நகைச்சுவையாகத்தான் பட்டது.

3

அம்மா பெட்டியில் நாள்காட்டி கொண்டுவந்திருந்தாள். தினம் ஒரு தாள் கிழிப்பது. சமையலறைச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதால் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. அப்பா அதைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு தாளில் நின்றார்.

“மணி, ஆடி அமாவாசைக்கு நாம இங்கதான் இருப்போம் போலருக்கு.”

எனக்கு உடனே புரிந்தது. என் தாத்தா இறந்த கார்த்திகையில் புயல். அப்பா வேதாரண்யம் பக்கம் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தப் போயிருந்தார். செய்தி அவரைத் தேடிப் பிடித்து, அறுந்த சாலைகளைக் கடந்து அவர் வீடு வருவதற்குள் சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டார். மூத்த மகன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு அப்பா எந்த ஆடி அமாவாசையையும் விட்டதில்லை. பூம்புகாரில், காவிரி கடலில் கலக்கும் இடத்தில், விடியற்காலையில் போய் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஜனங்களோடு உட்கார்ந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, முழுக்குப் போட்டு வருவார். காய்ச்சலோடு போன வருடமும் உண்டு.

“இங்க கடல் இருக்காடா?”

“வடக்க இருக்கு. ஆனா அது வேண்டாம்பா, குளிரும். இருங்க.”

எனக்குப் பொறி தட்டிவிட்டது. ஒரு மாதிரி வெறி என்றே சொல்லலாம். அன்று மாலைக்குள் பலெர்மோவுக்கு மலிவு விமானம் பிடித்து, அடுப்பு வசதியுள்ள அறை பிடித்து, பூம்புகார் ஐயரிடம் மந்திரத்தை வாய்ஸ் நோட்டாக வாங்கி, அமாவாசை திதி ஐரோப்பிய நேரத்துக்கு எப்போது தொடங்குகிறது என்று கணக்கிட்டு அப்பாவுக்கு விளக்கியும் முடித்தேன்.

“நிலா எல்லா ஊருக்கும் ஒண்ணுதாம்பா.”

“ஒண்ணுதான். நமக்குத்தான் விசா கேக்குறான்” என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

நியூரம்பெர்க் விமான நிலையத்தில், பைகள் எக்ஸ்ரேக்குள் போகும் இடத்தில், அம்மாவின் பையை ஓரமாகத் தள்ளினார்கள். எவர்சில்வர் சொம்பு, கறுப்பு எள் டப்பா, காகிதத்தில் சுற்றிய தர்ப்பைக் கட்டு. கையுறை போட்ட அதிகாரி தர்ப்பையை எடுத்து மோந்து பார்த்தார்.

“இது என்ன? தேநீரா?”

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. இறந்தவர்களுக்காகச் செய்யும் சடங்கு, அதற்கான புல் என்று சொல்லலாம். என்னிடம் அதற்கான ஜெர்மன் இருந்தது. சரளமாகவே இருந்தது.

“ஆமாம், தேநீர்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மூடினார். சிறிது தூரம் நடந்த பிறகு அப்பா கேட்டார்.

“டீன்னா சொன்ன?”

“வெளக்கிட்டிருந்தா லேட்டாகும்பா.”

“அதுவும் சரிதான்” என்றார்.

4

பலெர்மோவில் சந்தைக்கு அடுத்த தெருவில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. அந்த ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறையப் பேர் உண்டு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். படையலுக்கு வாழைக்காய் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால் உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவருக்கு அப்பாவின் வயது இருக்கும்.

“ஓம் தம்பி, வாழைக்காய் இருக்கு. நாளைக்கு அமாவாசைக்கோ?”

“ஆமாங்க. அப்பாவுக்கு. கடல்ல பண்ணணும்னு கூட்டிட்டு வந்தேன்.”

“நல்ல காரியம். எங்க செய்யப் போறியள்?”

“மொண்டெல்லோ.”

அவர் முகம் சுருங்கியது. “ஐயோ, அது வேண்டாம் தம்பி. இந்த மாசத்தில சனம் நெரிச்சுக்கொண்டு கிடக்கும். நாங்கள் துறைமுகத்துக்கு அங்கால, பாறைப் பக்கமா ஒரு இடத்துக்குத்தான் போறனாங்கள். விடிய வெள்ளனப் போனால் ஒருத்தரும் இருக்காயினம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்களோட வாங்கோவன். நானும் அப்பருக்குச் செய்ய வேணும்.”

அப்பா கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உடனே உள்ளே வந்துவிட்டார். “அப்படிங்களா! ரொம்ப நல்லதுங்க. மணி, இவங்களோடயே போயிடலாமே.”

எனக்கு அது ஒப்பவில்லை. என் திட்டத்தில் மொண்டெல்லோ இருந்தது. சடங்கை முடித்து, குளித்து, சாப்பிட்டு, மதியம் படம் எடுத்து, எல்லாம் ஒரே பேருந்துப் பயணத்தில். பாறைப் பக்கம் போனால் அந்த நாள் போய்விடும். இன்னொன்றும் இருந்தது, அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளாதது: ஐரோப்பாவின் அழகான கடற்கரை ஒன்றுக்கு வந்துவிட்டு, ஊரில் இருப்பது போலவே தமிழர்களோடு வரிசையில் உட்காருவதா?

“இல்லைங்க, நாங்க பார்த்துக்கிறோம்” என்றேன்.

“சரி தம்பி. ஏலாட்டி ஒரு கோல் அடியுங்கோ” என்று எண்ணை எழுதிக் கொடுத்தார். வாழைக்காய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். படையலுக்கு அல்லவோ என்றார்.

5

அவர் சொன்னபடிதான் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே மணல் தெரியாத அளவுக்குக் குடைகள். வாடகைக் குடைகளுக்கு நடுவே, கட்டணமில்லாத பகுதி ஒரு சந்து போல இருந்தது. துண்டு விரிக்க இடமில்லை. அலை நனைக்கும் ஈர மணல் மட்டும்தான் காலி.

அப்பா சட்டையைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டி, திருநீறு பூசி, தர்ப்பையை விரலில் மோதிரமாக முடிந்துகொண்டார்.

“தெக்கு எதுடா?”

போனில் திசைகாட்டியைத் திறந்தேன். எனக்குச் சுருக்கென்றது. கடல் வடக்கில் இருந்தது. தெற்கு என்றால் கரை. தர்ப்பணம் தெற்கே பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆக அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி, குடைகளின் கீழே எண்ணெய் பூசிப் படுத்திருந்த மொத்த ஐரோப்பாவையும் பார்த்தபடி, ஈர மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சொம்பும் எள் டப்பாவுமாக அம்மா. இலை மாதிரி வெட்டிய அலுமினியத் தாளில் பச்சரிசிப் பிண்டம்.

வாய்ஸ் நோட்டைப் போட்டார். முழுச் சத்தத்தில்.

ஐயரின் குரல் கரகரவென்று கிளம்பியது. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். ஒரு குழந்தை மணல் வாளியோடு அருகே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. அதன் தாய் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். யாரோ சிரித்தார்கள், அது எங்களைப் பார்த்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றிருந்தேன். கடலைப் படம் எடுப்பது போல ஒரு குடை தூரம் நகர்ந்தேன். பிறகு இன்னொரு குடை. பிறகு ஐஸ்கிரீம் வண்டி. மலை வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று கட்டத்தைச் சரிபார்த்து, அவர்கள் இருவரும் விளிம்புக்கு வெளியே போகும்படி எடுத்தேன். சிந்துவுக்கு அனுப்பியது அந்தப் படங்களைத்தான்.

“அப்பா பேரைச் சொல்லுங்கோ” என்றது வாய்ஸ் நோட். இடைவெளி.

“கோவிந்தசாமி” என்றார் அப்பா, கம்பத்தின் மேலிருந்து பேசும் குரலில்.

“அவரோட அப்பா பேரைச் சொல்லுங்கோ.”

“நடேசன்.”

அப்போதுதான் சிவப்புச் சட்டை போட்ட லைஃப்கார்டு, கடலில் குளிப்பவர்களைக் காக்கும் காவலன், என்னிடம் வந்தான். என்னைவிட இளையவன். கையில் தண்ணீர்ப் பாட்டில். அப்பாவின் பக்கம் கையைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டான்.

“அவர்கள் உன்னோடு வந்தவர்களா?”

“நோ” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்ததுதான் இதில் மோசம். பிற்பாடு அதற்குக் காரணம் கண்டுபிடித்தேன்: அபராதம் போடுவார்கள், போலீஸ் வரும், என் பெயர் எங்காவது பதிவாகும், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கும் நேரத்தில் இது தேவையா என்றெல்லாம். அத்தனையும் அன்று மதியத்துக்குப் பிறகு செய்தவை. அந்தக் கணத்தில் உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. இவர்களை எனக்குத் தெரியாது என்று இந்தக் கடற்கரை நினைக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கெட்டிக்காரன் அல்லவா? “ஆனால் அவர்கள் பேசும் மொழி எனக்குத் தெரியும். உதவட்டுமா?” என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. “நல்லதாகப் போயிற்று. அந்தப் பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேள். நெடுநேரமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். அழுகிறார் போலவும் இருக்கிறது. தண்ணீர் வேண்டுமா என்று கேள்.”

தடை இல்லை, அபராதம் இல்லை. அவன் வந்தது தண்ணீர் கொடுக்கத்தான்.

இருவரும் நடந்து போனோம். அப்பா போனை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் நனைந்துதான் இருந்தன. நான் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நகர்ந்து பார்க்காமல் விட்ட முகத்தை அந்த வெள்ளைக்காரப் பையன் எப்போது பார்த்தான்?

“அப்பா” என்று வாய் திறந்தால் எல்லாம் உடைந்துவிடும். அதனால் எந்த விளிப்பும் இல்லாமல், பேருந்து நிறுத்தத்தில் அறிமுகமில்லாதவரிடம் பேசுவது போல, “உடம்பு நல்லாருக்கான்னு கேக்குறாரு” என்றேன்.

காற்று ஐஸ்கிரீம் வண்டிப் பக்கமிருந்து அவர்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. நான் சொன்ன ‘நோ’ அவர்களுக்குக் கேட்டிருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எள் டப்பாவைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றிருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். லைஃப்கார்டைப் பார்த்தார். பிறகு தர்ப்பை மோதிரத்தோடு இரண்டு கைகளையும் கூப்பினார்.

“ஐ ஆம் ஆல்ரைட் சார். தேங்க் யூ. பூஜா. ஃபார் மை ஃபாதர்.” கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் கையைக் காட்டினார். “திஸ் பாய்... ஐ டோன்ட் நோ. வெரி குட் பாய். ஹெல்ப்பிங்.”

லைஃப்கார்டு தன் நெஞ்சில் கையை வைத்துத் தலை தாழ்த்தினான். பாட்டிலை அப்பாவின் பக்கத்தில் மணலில் செருகினான். ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு குடையைக் கொண்டுவந்து, அப்பாவின் தலைமேல் நிழல் விழும்படி நட்டு, ஆட்டிப் பார்த்து உறுதிசெய்தான். போகும்போது என் தோளைத் தட்டி, “பிராவோ” என்றான்.

அப்பா வாய்ஸ் நோட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

6

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. லைஃப்கார்டு உயரமான நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வப்போது எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அதனால் நான் அவர்களோடு போய் உட்கார முடியவில்லை. அப்பா முழுக்குப் போட்டு எழுந்தார். அம்மா துண்டு கொடுத்தாள். கடற்கரைச் சாலையின் குட்டைச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். அந்த ஊர்க் காக்கைக்கு உடம்பு சாம்பல், தலையும் இறக்கையும் மட்டும் கறுப்பு.

“கோட்டு போட்டுருக்குடி” என்று அப்பா அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. “எங்கப்பாரு சீமைக்கு வந்ததும் கோட்டு போட்டுக்கிட்டாரு.”

அம்மா சிரிக்கவில்லை. காக்கை எடுத்த பிறகு இருவரும் சுவரில் உட்கார்ந்து வாழைக்காய்ப் பொரியலும் சோறும் சாப்பிட்டார்கள். மூன்றாவது டப்பா ஒன்று திறக்காமல் இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கும் தனித்தனியாகவே நடந்தோம்.

பேருந்தில் எனக்கு அம்மாவுக்கு எதிரே இடம் கிடைத்தது. பேருந்து வளைவு திரும்பிக் கடல் மறைந்ததும் அம்மா என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

“அம்மா...”

“அம்மாவா? தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, பார்த்தா எம் புள்ள மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன். எம் புள்ளயும் ஜெர்மனிலதான் இருக்கான். பெரிய இன்ஜினியரு. எங்க கூட வரல. வேலையாம்.”

“விடு சாந்தி” என்றார் அப்பா.

“நான் என்ன சொல்லிட்டேன்? வெளியூர்ல நம்ம பாஷை பேசுற புள்ள, உதவி பண்ணுச்சு. ரெண்டு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?”

மூன்றாவது டப்பாவை என் மடியில் வைத்தாள். “சாப்புடுங்க தம்பி.”

அன்று மிச்ச நேரம் முழுக்க, மறுநாள் முழுக்க, தேவாலயம், சந்தை, எலுமிச்சை ஐஸ் என்று திட்டத்தில் இருந்த ஒவ்வொன்றுக்கும் அவர்களைக் கூட்டிப்போனேன். நிறையப் பேசினேன். எதற்கும் அப்பா, “நல்லாருக்குடா, ரொம்ப நல்லாருக்கு” என்றார். மன்னிப்புக் கேட்பதற்குச் சரியான இடம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் நாள், பலெர்மோ விமான நிலையத்தில், சோதனைக்கு முன்பு, அப்பா அம்மாவின் பையைத் திறந்தார். மீதி எள்ளையும் தர்ப்பையையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“ஏம்ப்பா? வீட்டுக்கு ஆகுமே.”

“மறுபடி டீன்னு சொல்லணும்ல உனக்கு.”

குத்திச் சொல்லவில்லை. என் வேலையைக் குறைக்கும் தொனியில்தான் சொன்னார். பையின் ஜிப்பை மூடியபடியே, என்னைப் பார்க்காமல், வழக்கத்துக்கு மாறாக உண்மையிலேயே மெதுவான குரலில் பேசினார்.

“மணி, எனக்குன்னு நீ இதெல்லாம் செய்யணும்னு இல்லடா.”

“என்னப்பா பேசுறீங்க?”

“இல்ல, சொல்லி வைக்கிறேன். கூச்சப்பட்டுக்கிட்டு செய்யுற காரியம் இல்ல இது. ஒனக்கு ஒரு நாள் வரும்ல, அப்ப போட்டுக் கொழப்பிக்காத. எங்க இருக்கியோ அங்கேயே மனசுல நெனச்சுக்க. எனக்கு அது போதும்.”

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

7

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று ஆடி அமாவாசை.

இந்த ஒரு வருடத்தில் அப்பா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஊருக்குப் போய் எல்லாரிடமும் பலெர்மோவைப் பற்றி ஓயாமல் பெருமை பேசுகிறார் என்று தங்கை சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசும்போது, அன்னிக்குச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்குங்கப்பா, நான்தான் செய்வேன், நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். ‘அன்னிக்கு’ என்று தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மழை எப்படி, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டு வைத்துவிடுவேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

காலையில் அலுவலகம் போகும் பேருந்தில், அவரே வீடியோவில் அழைத்தார். பூம்புகார். திரை முழுக்க ஈரத் தலைகள், வேட்டிகள், பின்னால் பழுப்புக் கடல்.

“பஸ்ஸு லேட்டுடா இன்னிக்கு. இப்பதான் முடிச்சேன். ஒங்கம்மா அந்தாண்ட காக்காயத் தேடிக்கிட்டு நிக்கிறா. இங்க கறுப்புக் காக்காதான்!”

“அப்பா, அன்னிக்கு ஏர்போர்ட்ல ஒண்ணு சொன்னீங்கள்ல...”

பேருந்தில் அவ்வளவு அமைதி. நான் கிசுகிசுத்தேன்.

“என்னடா? ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசு.”

முன் இருக்கையில் இருந்தவர் லேசாகத் திரும்பினார். நான் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். அதற்குள் அப்பாவின் பக்கத்தில் ஈரத்துண்டோடு நின்றவர் திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

“யாருங்க, புள்ளயா?”

“எம் புள்ளதான்!” அப்பா போனைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். கடற்கரை ஒரு சுற்றுச் சுற்றியது. முகங்கள் என்னைப் பார்த்தன. “மூத்தவன். மணிகண்டன். ஜெர்மனில இருக்கான். போன வருஷம் இதே அமாவாசைக்கு நான் அங்கதான் இருந்தேன். விட்டுடுவேன்னு பார்த்தீங்களா? பிளேன்ல கூட்டிட்டுப் போயி கடல்ல ஒக்கார வச்சிட்டான். சரியான வெயிலு. எங்கேருந்தோ ஒரு கொடைய எடுத்தாந்து, எந்தலைக்கு மேல நட்டு, நெழல் குடுத்தான் சார் எம் புள்ள.”

“குடுத்து வச்சவருங்க நீங்க” என்றார் அவர்.

“பின்ன?” என்றார் அப்பா.

கம்பத்தின் மேலிருந்து பேசும் அந்தக் குரல் பூம்புகார்க் கரை முழுக்கக் கேட்டிருக்கும். எர்லாங்கன் பேருந்தில் யாருக்கும் கேட்கவில்லை. திரையில் ‘அப்பா’ என்று வந்த உடனேயே, அழைப்பை எடுக்கும் முன்பே, நான் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டியிருந்தேன்.